செம்பு தீரவில்லை, ஊர் தீர்ந்தது!



தெருவே இல்லாத ஓர் ஊரைப் பற்றி இந்த ஞாயிறு உங்களுடன் பேச விரும்புகிறேன்.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் நீண்ட நாடாவெனக் கிடக்கும் சிலி நாட்டில், அண்டீஸ் மலைத் தொடரில், கடல் மட்டத்திற்கு மேல் 2,000 மீட்டர் உயரத்தில், செங்குத்தான சரிவொன்றைப் பற்றிக்கொண்டு நிற்கிறது செவெல் என்னும் அவ்வூர். வண்டிச் சக்கரம் உருள அங்கே இடமில்லை. புகைவண்டி நிலையத்திலிருந்து மேல்நோக்கி ஏறும் பெரும் படிக்கட்டு ஒன்று. அதுவே அவ்வூரின் ராஜவீதி. அதிலிருந்து இருபுறமும் கிளைவிடும் சிறு படிக்கட்டுகளே சந்துகள். பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம் எனக் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் மரத்தாலான மாடிக் கட்டடங்கள். ஒரு காலத்தில் 15,000 மக்கள் அங்கே வாழ்ந்தனர். தொட்டிலும் அங்கேதான், பள்ளிக்கூடமும் அங்கேதான், திருமணமும் அங்கேதான். இன்றோ, அடுப்பெரியும் வீடு அங்கே ஒன்றுகூட இல்லை. வெளியூரார் கூட்டம் கூட்டமாகப் பேருந்தில் வருகின்றனர், வழிகாட்டி சொல்வதைக் கேட்கின்றனர், படம் பிடிக்கின்றனர், மாலையில் மலையிறங்கிவிடுகின்றனர்.

சுரங்க ஊர் பாழாவதில் என்ன புதுமை என்று கேட்பீர்கள். தங்கம் தீர்ந்தது, ஊர் காலி. வெள்ளி தீர்ந்தது, ஊர் காலி. இப்படி நூறு ஊர்களை உலகெங்கும் காட்டலாம். செவெலின் கதை அதுவன்று. அவ்வூரை எந்தச் சுரங்கத்துக்காகக் கட்டினார்களோ, அந்த எல் தெனியெந்தே சுரங்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. நிலத்தடிச் செம்புச் சுரங்கங்களில் உலகிலேயே மிகப் பெரியது என்ற பெயரும் அதற்கே உரியது. அதன் குகைப் பாதைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 3,000 கிலோமீட்டரைத் தாண்டும். மலைக்குள்ளே செம்பு இருக்கிறது. வெட்டும் தொழிலாளி இருக்கிறான். வாங்கும் சந்தை இருக்கிறது. ஊர் மட்டும் இல்லை. ஏன் இல்லை? அந்தக் கேள்விக்கு மண்ணியல் நூலில் விடை கிடையாது, தோழர்களே. கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது, அரசியலில் இருக்கிறது.

வில்லியம் பிரேடன் என்ற அமெரிக்கப் பொறியாளர் அந்த மலையைக் கண்டு, அதன் மதிப்பைக் கணித்தார். 1904ஆம் ஆண்டில் பிரேடன் செம்புக் கம்பெனி தோன்றிற்று. 1905இல் சிலி அரசு அனுமதி தந்தது. தாதுவில் செம்பின் பங்கு மிகச் சொற்பம். மலை மலையாக வெட்டி, அரைத்து, செறிவாக்கி, உருக்கினால்தான் காசு. அதற்கு ஆலை வேண்டும், மின்சாரம் வேண்டும், இருப்புப்பாதை வேண்டும்; அத்தனைக்கும் முதல் வேண்டும். சாந்தியாகோ நகரத்துச் செல்வர்கள் அந்த முதலைப் போட முன்வரவில்லை. நிலவுடைமையில் ஊறிய கைகள் அவை. குத்தகை வாங்கும், கோதுமை விற்கும், ஐரோப்பியப் பட்டு வாங்கும். ‘நம்மால் ஆகாது, அந்நியன் வந்து எடுத்துக்கொள்ளட்டும்’ என்று கதவைத் திறந்துவிட்டவர்கள் அவர்களே. இதனை மறந்துவிட்டு அமெரிக்கக் கம்பெனியை மட்டும் ஏசுவது பாதி உண்மையைத்தான் பேசுவதாகும்.

முதலில் மாட்டு வண்டியும் கோவேறு கழுதையும் இயந்திரங்களை மலைமேல் ஏற்றின. 1911இல் கீழேயுள்ள ரன்காகுவா நகரிலிருந்து 72 கிலோமீட்டர் நீளத்துக்குக் குறுகிய இருப்புப்பாதை வந்தது. கம்பெனி முதலில் குகன்ஹைம் குடும்பத்தாரின் பிடிக்குள் போயிற்று. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே கென்னகாட் என்னும் பெரு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. ஊருக்குப் பெயர் வேண்டுமே! கம்பெனித் தலைவர்களுள் ஒருவரான பார்ட்டன் செவெல் என்பாரின் பெயரையே சூட்டினர். அவர் அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை என்பர்.

தொழிலாளர் எங்கிருந்து வந்தனர்? பண்ணை நிலங்களிலிருந்து. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாரின் நிலத்தில் குடியிருந்து, அவர் ஏவிய வேலை செய்து, அவர் காட்டிய ஆளுக்கே வாக்களித்து வாழ்ந்த குடியானவர்கள் அவர்கள். முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் தரகர்கள் அவர்களைத் திரட்டி மலையேற்றினர். நம் மொழியில் கங்காணி என்று ஒரு சொல் சொன்னால் போதும், மேலும் விளக்கம் வேண்டா.

வந்தவன் நிலைக்கவில்லை என்பதுதான் கம்பெனியின் முதல் தலைவலி. நாலு மாதம் வேலை செய்வான். கூலியைக் கையில் வாங்கியதும் மலையிறங்கி ஊருக்குப் போய்விடுவான். குடித்துவிட்டு மறுநாள் வேலைக்கு வராதவனும் உண்டு. கொள்கை பேசி வேலைநிறுத்தம் செய்பவனும் உண்டு. கம்பெனியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே, தொழிலாளியை வேலைக்கு அமர்த்தினால் போதாது, அவன் வாழ்வையே அமைத்துத் தர வேண்டும் என்று முடிவு செய்தனர். நலத்துறை என்று ஒரு துறை எழுந்தது.

அந்த நலத்துறை செய்ததைக் கேளுங்கள். மது ஊருக்குள் நுழையக் கூடாது என்றது. மணமாகாமல் ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்ந்தால், ஒன்று திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும், அன்றேல் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்றது. சட்டப்படி மணந்தவனுக்குக் குடும்பப்படி தந்தது. வீடு எப்படி வைத்திருக்கிறாள், குழந்தையை எப்படி வளர்க்கிறாள் என்று பார்க்கப் பெண் அலுவலர்களை வீட்டுக்குள் அனுப்பிற்று. இரவில் கம்பெனியின் காவலர்கள் படிக்கட்டுகளில் ரோந்து சுற்றினர். போலீசு யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. நிலம் கம்பெனியுடையது, வீடு கம்பெனியுடையது, விளக்கு கம்பெனியுடையது, அண்டை வீட்டுக்காரனோடு நீங்கள் உரக்கப் பேசினால் அந்தச் சண்டையும் கம்பெனியுடையதே!

மது ஒழிந்ததா? அதுவும் இல்லை. பனி மூடிய மலைப் பாதைகளில், உயிரைப் பணயம் வைத்து, சாராயம் கடத்தி வருவதே தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டம் தோன்றிற்று. அவர்களுக்கு ‘குவாச்சுச்செரோ’ என்று பெயர். தடை போட்டவனே கடத்தலுக்கு விலையும் ஏற்றி வைத்தான்.

ஊருக்குள் இன்னோர் ஊர் இருந்தது. அமெரிக்க அதிகாரிகளின் குடியிருப்பு தனி. அவர்கள் கூடிக் களிக்கும் ‘தெனியெந்தே கிளப்’ தனி. அதன் வாயிலைச் சிலி நாட்டுச் சுரங்கத் தொழிலாளி விருந்தினனாகத் தாண்டியதில்லை. சம்பளப் பட்டியலிலும் பிரிவுண்டு. அமெரிக்கரின் பெயர்கள் இருந்த பட்டியலுக்குப் ‘பொற்பட்டியல்’ என்றே பெயர். அவர்களுக்கு டாலரில் சம்பளம். மற்றவர்க்கு நாள்தோறும் மதிப்பிழந்து வந்த பெசோவில் கூலி. மணமாகாத தொழிலாளிக்குப் பொதுக் கொட்டகையில் ஒரு படுக்கை. குடும்பத்தோடு இருப்பவனுக்கு நெருக்கமான ஒண்டுக் குடியிருப்பு. தன் நாட்டு மலையில், தன் நாட்டு மண்ணில், அவன் படிக்கட்டின் கீழ்ப்படியிலேயே நின்றான்.

இவ்வளவும் சொன்னவன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். செவெலின் மருத்துவமனை சிலி நாட்டிலேயே சிறந்தவற்றுள் ஒன்று. பள்ளி இருந்தது, தொழிற்பள்ளி இருந்தது, திரையரங்கு இருந்தது, விளையாட்டுக் கூடம் இருந்தது. பண்ணையாரின் மண்குடிசையில் பிறந்தவனுக்கு இவையெல்லாம் அதற்குமுன் எட்டாக் கனிகள். அங்கே பிறந்து வளர்ந்த முதியோர் இன்றும் செவெலைப் பற்றிப் பேசும்போது குரல் தழதழக்கப் பேசுகின்றனர். அவர்கள் ஏமாளிகள் என்று நான் கூற மாட்டேன். அந்தப் படிக்கட்டில் அவர்கள் கண்ட அண்டை அயலாரின் அன்பு உண்மை. பனிக்கால இரவில் ஒருவர் வீட்டு அடுப்பில் பத்துப் பேர் குளிர்காய்ந்தது உண்மை. கம்பெனி கட்டியது கட்டடத்தை. ஊரைக் கட்டியவர்கள் அந்த மக்கள். அதனால்தான் நான் கேட்கிறேன்: அவர்கள் கட்டிய ஊரின் மீது அவர்களுக்கு உரிமை யாது இருந்தது? ஒரு செங்கல் அளவு, ஒரு மரப்பலகை அளவு உரிமையேனும் இருந்ததா? கொடையாகப் பெற்ற வீட்டில் வாழ்ந்தவர்கள் அவர்கள். கொடுத்தவனுக்குச் செலவு மிஞ்சினால் கொடை நின்றுவிடும்.

செம்பின் விலை யார் கையில் இருந்தது என்பதையும் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின்போது, வெட்டியெடுக்கும் கம்பெனியும் அமெரிக்கருடையது, வாங்கும் அரசும் அமெரிக்க அரசு. ராத்தல் ஒன்றுக்குச் சுமார் 12 சென்ட் என்று அவ்வரசு விலையைக் கட்டிவைத்தது. சண்டையில் வென்றவர்களின் தோட்டாவிலும் கம்பியிலும் சிலி நாட்டுச் செம்பு இருந்தது. அந்த வெற்றியின் கணக்கில் சிலி நாட்டுக்கு வர வேண்டியதைக் குறைத்துத்தான் எழுதினார்கள்.

அந்தப் போர்க்காலத்திலேயே இரண்டு பேரிடிகள் விழுந்தன. 1944ஆம் ஆண்டு ஆகஸ்டில், சரிவிலிருந்து புரண்டு வந்த பனி, குடியிருப்பின் மேல் விழுந்து நூறு பேருக்கு மேல் பலிகொண்டது. ஓராண்டு நிறையுமுன் அடுத்தது.

1945, ஜூன் 19. காலை வேளை. சுரங்க வாயில் ஒன்றின் அருகே, கொல்லுலையும் கிடங்குமாக இருந்த கொட்டகையில் தீப்பற்றிற்று. அருகிலிருந்த எண்ணெய்ப் பீப்பாய்கள் எரியத் தொடங்கின. தீ மலைக்கு வெளியேதான் இருந்தது. அதன் நாக்கு உள்ளே இருந்த எவரையும் தீண்டவில்லை. சுரங்கத்துக்குள் காற்றை இழுக்கும் வாயிலோ பக்கத்தில் இருந்தது. மூச்சு விடுவதற்காகத் திறந்துவைத்த வழியே கரும்புகை உள்ளே நுழைந்தது. அதிலே கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு. நிறமில்லை, மணமில்லை. குகைப் பாதை குகைப் பாதையாக அது பரவிற்று. தப்பிச் செல்லும் வழி எது என்று காட்டும் அடையாளங்கள் போதுமான அளவில் இல்லை. புகையைக் கண்டு ஓடியவர்கள் புகைக்குள்ளேயே ஓடினார்கள். தோழனைத் தூக்க வந்தவன் தோழன் அருகே விழுந்தான். 355 தொழிலாளர்கள் மாண்டனர். பாறை விழவில்லை, வெடி வெடிக்கவில்லை, மூச்சுத்தான் நின்றது. உடல்களைப் புகைவண்டியில் ஏற்றி ரன்காகுவாவுக்குக் கொண்டு சென்று, அந்நகரின் இடுகாட்டில் அடக்கம் செய்தனர். சிலி மக்கள் அந்நாளைப் ‘புகைத் துயரம்’ என்று இன்றும் நினைவுகூர்கின்றனர்.

அதன் பிறகுதான் கம்பெனியில் பாதுகாப்புக்கென்று முறையான தனித்துறை பிறந்தது. தொழிலாளி குடிக்கிறானா என்று பார்க்க ஆள் வைத்து ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்குப் பிறகு, அவன் உயிரோடு திரும்புகிறானா என்று பார்க்க ஒரு துறை! நலம் என்ற சொல்லுக்குக் கம்பெனியின் அகராதியில் என்ன பொருள் என்பதை இந்தக் கால வரிசை ஒன்றே காட்டிவிடும். கிளைக் கூட்டத்தில் பேசும் தோழர்கள் வேறெதை மறந்தாலும் இதனை மறக்க வேண்டா.

1960களில் நிலைமை மாறிற்று. உற்பத்தியைப் பெருமளவில் கூட்டத் திட்டம் தீட்டினர். மலைமேல் 15,000 பேருக்கு வீடும் விளக்கும் பள்ளியும் மருத்துவமும் தருவது கம்பெனிக்குச் சுமையாகத் தோன்றலாயிற்று. தார்ச்சாலை போட்டுவிட்டால் தொழிலாளி கீழே ரன்காகுவாவில் குடியிருந்து பேருந்தில் வந்து போகலாமே! ‘பள்ளத்தாக்குத் திட்டம்’ என்று அதற்குப் பெயரிட்டனர். 1960களின் இறுதியில் குடும்பங்கள் மலையிறங்கத் தொடங்கின. 1970களில் ஊர் ஏறக்குறைய முழுவதும் காலியாயிற்று. காலியான கட்டடங்கள் பல இடித்துத் தள்ளப்பட்டன.

மலையிறங்கியவர்களுக்கு நட்டம் மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. சொந்த வீடு கிடைத்தது. வாசலில் நின்று வானத்தைப் பார்க்க ஒரு முற்றம் கிடைத்தது. காவலனின் ரோந்தும் போயிற்று. எனினும் போனது வேறொன்றும் உண்டு. ஒரே படிக்கட்டில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வாழ்ந்தபோது, சங்கத்தின் செய்தி வீடு வீடாகப் போக ஒரு மாலைப் பொழுது போதும். அவர்களையே நகரத்தின் பல மூலைகளிலும் சிதறவிட்டால் என்னவாகும் என்பதை அமைப்பு வேலை செய்து பழகிய உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே ஆண்டுகளில்தான் உடைமைப் போராட்டமும் நடந்தது. 1967இல் எட்வர்டோ பிரெய் அரசு, ‘சிலிமயமாக்கல்’ என்ற பெயரால், சுரங்கத்தில் 51 சதவீதப் பங்கைக் கென்னகாட்டிடமிருந்து 8 கோடி டாலருக்கு வாங்கிற்று. பங்கு பாதிக்கு மேல் அரசுடையது. நிர்வாகமோ கென்னகாட் கையிலேயே தொடர்ந்தது. வரியும் குறைந்தது. ‘பாதி வாங்கியவன் முழுதும் ஏமாந்தான்’ என்று இடதுசாரிகள் எள்ளியதில் வியப்பில்லை.

பிறகு வந்தது 1971, ஜூலை 11. சால்வடோர் அலெண்டேயின் ஆட்சியில், பெருஞ்செம்புச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கும் அரசியல் சட்டத் திருத்தம் சிலி நாடாளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறிற்று. ஒருமனதாக! ஆளுங்கட்சியை அடியோடு வெறுத்த எதிர்க்கட்சியினரும் எதிர்த்து வாக்களிக்கத் துணியவில்லை. அந்நாளைத் தேசியக் கண்ணிய நாள் என்று கொண்டாடினர். அலெண்டே ரன்காகுவாவுக்கே சென்று மக்களிடம் பேசினார். இழப்பீட்டுக் கணக்கு வந்தபோது, 1955 முதல் ஆண்டுக்கு 12 சதவீதத்துக்கு மேல் அள்ளிய இலாபம் அனைத்தும் மிகையிலாபமே என்று அலெண்டே தீர்ப்பளித்தார். அமெரிக்கக் கம்பெனிகள் அவ்வாறு மிகையாக எடுத்தது 77 கோடி 40 லட்சம் டாலர் என்று கணக்குக் காட்டி, அதைக் கழித்தார். கழித்துப் பார்த்தால் எல் தெனியெந்தேவுக்காகக் கென்னகாட்டுக்குத் தர வேண்டியது ஒன்றுமில்லை! கென்னகாட் சும்மாயிருக்குமா? 1972இல் பாரிஸ் நீதிமன்றம் வரை சென்று, கப்பலில் போகும் செம்பைத் துரத்திற்று.

இனி வருவது நமக்குக் கசப்பானது. கசப்பு என்பதற்காக விட்டுவிட்டால் கட்டுரை பொய்யாகும். 1973 ஏப்ரலில் எல் தெனியெந்தேவில் வேலைநிறுத்தம் மூண்டது. அகவிலைக்கேற்ற ஊதிய உயர்வு பற்றிய சச்சரவு. தொழிலாளரில் எல்லோரும் சேரவில்லை. ஆயினும் இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. அலெண்டேயின் பகைவர்கள் ஓடோடி வந்து வேலைநிறுத்தக்காரருக்கு மாலை சூட்டினர். சங்கம் என்ற சொல்லையே கேட்கப் பொறுக்காத சீமான்கள் திடீரென்று தொழிலாளர் தோழர்களாயினர்! ஆளுங்கட்சித் தரப்பில், ‘சலுகை பெற்ற தொழிலாளர்’ என்று வசைபாடியோரும் உண்டு. அந்த வசை பிழை. கம்பெனி எழுபதாண்டுகளாக ஒவ்வொரு நன்மையையும் பேரம் பேசித்தான் தந்தது. அப்பள்ளியில் பயின்றவன் ‘இது உன் சுரங்கம்’ என்று சொன்ன மறுநாளே பேரத்தை மறந்துவிடுவானா? சுரங்கம் நாட்டுடையதாயிற்று, அதை நடத்துவதில் தன் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் அவனுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 11இல் இராணுவம் ஆட்சியைப் பறித்தது; அலெண்டே மாளிகையிலேயே மாண்டார்; சங்கங்களின் வாய் கட்டப்பட்டது.

பினோசெட் ஆட்சி கம்பெனிகளுக்கு இழப்பீடு தந்தது. ஆனால் சுரங்கத்தைத் திருப்பித் தரவில்லை. காரணம் தேடத் தொலைவு போக வேண்டா. செம்பு வருவாயில் ஒரு பகுதி ஆயுதப் படைகளுக்கே என்று 1958லேயே ஒரு சட்டம் இருந்தது; இராணுவ ஆட்சியில் அது செம்பு விற்பனையில் பத்தில் ஒரு பங்கு என்றாயிற்று. பொன்முட்டையிடும் வாத்தை எந்தத் தளபதி விற்பான்? 1976இல் அரசுச் செம்பு நிறுவனமான கோடெல்கோ உருவானது. அந்தப் படைப் பங்குச் சட்டம் 2019இல்தான் நீக்கப்பட்டது.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். அமெரிக்கக் கம்பெனி ஊரை ஒழிக்கத் திட்டமிட்டது. பாதிப்பங்கு வாங்கிய அரசின் காலத்தில் அத்திட்டம் தொடங்கிற்று. நாட்டுடைமைக் காலத்திலும் அது நிற்கவில்லை. இராணுவ ஆட்சியில் அது முடிந்தது. நான்கு எசமானர்கள், நான்கு கொடிகள், திட்டம் ஒன்றே. நாட்டுடைமையை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த 1971 வாக்கெடுப்பு இல்லையேல் சிலி நாட்டின் வரவு செலவுத் திட்டமே இன்று வேறாக இருந்திருக்கும். நான் சொல்வது, உடைமைப் பத்திரத்தில் பெயர் மாறியபோது படிக்கட்டில் வாழ்ந்தவனின் இருப்பு மாறவில்லை என்பதைத்தான். ஊர் இருக்கலாமா, போகலாமா என்று தீர்மானிக்கும் மேசையில் அவனுக்கு நாற்காலி போட எந்த எசமானனுக்கும் தோன்றவில்லை. நாட்டுடைமை வேண்டும் என்று முழங்கும் நாம், அந்த நாற்காலியையும் சேர்த்தே கேட்டாக வேண்டும்.

1998இல் செவெல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் யுனெஸ்கோ அதைச் சேர்த்தது. எஞ்சிய கட்டடங்களுக்குப் புதுவண்ணம் பூசினர். அமெரிக்கரின் கிளப்பையும் பாதுகாக்கின்றனர். நல்லதே. இடித்த கட்டடங்களின் வெற்றுத் தளங்களையும் வழிகாட்டிகள் காட்டினால் இன்னும் நல்லது.

மலையின் உள்ளே வேலை நிற்கவில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். அங்கே பாறையை அடியிலே குடைந்து, மேலுள்ள மலை தன் கனத்தாலேயே நொறுங்கி விழும்படி செய்து, விழுந்த தாதுவை அள்ளுகின்றனர். செலவு குறைந்த முறை; ஆயின் ஆழம் போகப் போக மலைக்குள் அழுத்தம் மாறி, நிலம் அதிரும். 2025ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று அப்படியோர் அதிர்வு நேர்ந்தது. அதன் அளவு 4.2. குகைப் பாதைகள் இடிந்தன. ஒருவர் அன்றே இறந்தார். உள்ளே சிக்கிய ஐவரை நாட்கணக்கில் பாறையகற்றித் தேடினர். ஐவரும் பிணமாகவே கிடைத்தனர். புகைத் துயரத்துக்கு எண்பதாண்டுகள் நிறைந்த அதே ஆண்டு, அதே மலை.

மாண்ட அறுவரும் ஒப்பந்த நிறுவனங்களின் தொழிலாளர்கள். சுரங்கம் அரசுடையது, அறுவரின் சம்பளப் பட்டியல் மட்டும் காண்ட்ராக்டர்களின் கையில் இருந்தது. ஆகஸ்ட் மாதத்திலேயே, சுரங்கத்தின் மற்றப் பகுதிகளில் வேலை மீண்டும் தொடங்கிவிட்டது.